பந்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத பாட்டு

சின்னச் சரிவுத் தெரு. அது இறங்கி முடிகிற இடத்தில் ஒற்றைத் தண்டவாளம், ஒரு ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் கடற்கரைச் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் சகாமி விரிகுடா. அவ்வளவுதான் இடம். இதைப் பார்ப்பதற்கென்று ஒருவர் விமானம் ஏறி ஜப்பானுக்கு வர வேண்டியதில்லை. ஆனால் வருகிறார்கள், ஆயிரக்கணக்கில்.

மணி அடிக்கத் தொடங்குகிறது. தடுப்புக் கம்புகள் இறங்குகின்றன. அதுவரை நடைபாதையில் சாய்ந்தும் குந்தியும் இருந்த கூட்டம் சட்டென்று கைகளை உயர்த்துகிறது. எல்லாக் கைகளிலும் போன். சிலர் சிவப்பு ஜெர்சி அணிந்திருக்கிறார்கள், எண் 10. பச்சையும் பாலேட்டு நிறமும் பூசிய எனோடென் ரயில் கடலை மறைத்துக்கொண்டு சில விநாடி ஓடுகிறது. ரயில் விலகியதும் மறுபடியும் கடல். காவலர் விசிலடிக்கிறார்: சாலையில் நிற்காதீர்கள். கூட்டம் ஓரமாக ஒதுங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கிறது. அது வரச் சில நிமிடம் ஆகும். யாரோ ஒருவர் போனில் அந்தப் பாட்டைப் போட்டுவிடுகிறார். கிடார் எழும்புகிறது. மொழி தெரியாதவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள்.

1993 அக்டோபரில் ஜப்பானின் டிவி ஆசாஹியில் ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்து அனிமே தொடங்கியது. அதன் முதல் தொடக்கப் பாடலின் காட்சியில் இந்த ரயில்வே கேட் வருகிறது. செம்முடி முரடன் சகுராகி ஹனமிச்சி இந்தப் பக்கம், ஹருகோ அந்தப் பக்கம், நடுவே ரயில். அவள் கையசைக்கிறாள். மொத்தமே சில விநாடிதான். அந்தச் சில விநாடிக்காகத்தான் முப்பது ஆண்டுகளாக இந்தக் கூட்டம்.

கூட்டத்தில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாயகன் பெயர் தெரியும், அவன் ஜெர்சி எண் தெரியும், பாட்டு மனப்பாடமாகத் தெரியும். பாடிய இசைக்குழு எது என்றால் பலரும் விழிப்பார்கள்.

சொந்தப் பிள்ளையும் தத்துப்பிள்ளையும்

அனிமே என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்று நம் ஊரில் ஒதுக்கிவைத்திருந்த காலம் போய்விட்டது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ தமிழ் பேசிக்கொண்டே திரையரங்குகளுக்கு வந்தது. கல்லூரிப் பையன்களின் போனில் ஜப்பானிய ராக் பாடல்கள் ரிங்டோனாக அலறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அனிமேயின் வாசல் வழியே வந்தவைதான். அந்த வாசலை வைத்தவர் யார், அதற்கு வாடகை வாங்கியவர் யார், அதில் நுழைந்த இசைக்குழுக்களுக்கு என்ன ஆயிற்று? ‘ஸ்லாம் டங்க்’கின் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தக் கதை முழுவதும் விளங்கிவிடும்.

நம் சினிமாவில் பாட்டு படத்துக்கென்றே பிறக்கிற சொந்தப் பிள்ளை. இயக்குநர் சூழலைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் எழுதுவார். ஜப்பானிய அனிமேயும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1972இல் வந்த ‘மாசிங்கர் இஸட்’ தொடருக்கு மிசுகி இச்சிரோ பாடிய பாட்டில் ராட்சத இயந்திரத்தின் பெயரையே தொண்டை கிழியக் கத்துவார். பாட்டைக் கேட்டால் எந்தத் தொடர் என்று சந்தேகமே வராது.

எண்பதுகளில் தத்தெடுக்கும் பழக்கம் வலுப்பட்டது. கடையில் சிங்கிளாக விற்கப்போகும் பாப் பாட்டைத் தொடரின் தலையிலோ வாலிலோ ஒட்டிவைப்பது. தொழில்காரர்கள் இதை ‘டை-அப்’ என்கிறார்கள். 1987இல் ‘சிட்டி ஹன்டர்’ தொடரின் முடிவில் டி.எம். நெட்வொர்க்கின் ‘கெட் வைல்ட்’ ஒலித்தது. கதையின் கடைசிக் காட்சி முடிவதற்கு முன்பே பாட்டின் முன்னிசை மெல்லப் புகும், நாயகன் நடந்து போவான், படம் உறையும், பெயர்கள் ஏறும். பாட்டு வெளியிலிருந்து வந்ததுதான், ஆனாலும் தையல் தெரியாது. இன்றுவரை இந்த வித்தையை யாரும் அதைவிட நன்றாகச் செய்யவில்லை என்பது என் கட்சி.

> பெட்டிச் செய்தி: ஒன்றரை நிமிடக் கணக்கு
> அனிமேயின் தொடக்கப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் வழக்கமாகக் கிடைப்பது தலா 90 விநாடி. நான்கு நிமிடப் பாட்டை அதற்குள் வெட்டி அடக்குவதை ‘டிவி சைஸ்’ என்பார்கள். ஜப்பானியர் ஒரு பாட்டை மூன்று துண்டாகப் பார்க்கிறார்கள்: ஏ மெலோ, பீ மெலோ, உச்சத்தில் ‘சாபி’. நம் கணக்கில் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருவது இந்த சாபிதான். 90 விநாடி தீர்வதற்குள் சாபி வந்தாக வேண்டும். வராவிட்டால் மறுநாள் கடைக்குப் போகிற பையனுக்கு எந்தப் பாட்டைக் கேட்பது என்று தெரியாது.

ஒரே கடைச் சரக்கு

‘ஸ்லாம் டங்க்’ 101 அத்தியாயம் ஓடியது, 1996 மார்ச் வரை. சனிக்கிழமை மாலை ஏழரை மணி, வீடே டிவி முன்னால் இருக்கும் நேரம். மூலக்கதை இனொவே தகெஹிகோவின் மங்கா. உலகெங்கும் 17 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இந்த 101 அத்தியாயங்களில் இரண்டு தொடக்கப் பாடல்கள், நான்கு முடிவுப் பாடல்கள். பாடியவர்கள் ஆறு தரப்பு: பாட், ஸிக், ஒகுரோ மாகி, வாண்ட்ஸ், மானிஷ், ஸார்ட்.

ஆறும் ஒரே நிறுவனத்தின் சரக்கு.

அந்த நிறுவனத்தின் பெயர் பீயிங். நகாடோ டைகோ என்பவர் 1978இல் தொடங்கியது. 1993ஆம் ஆண்டு ஜப்பானியத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால் பீயிங்கின் வீட்டு விசேஷப் பந்தியைப் போல் இருக்கும். இவர்களின் உத்தி வினோதமானது. பாடகர்களை டிவி நிகழ்ச்சிகளில் அதிகம் காட்டமாட்டார்கள். ஸார்ட்டின் பாடகி சகாய் இசுமியை மக்கள் திரையில் பார்த்தது அபூர்வம். முகத்தை ஒளித்து வைத்துவிட்டு, பாட்டை மட்டும் விளம்பரத்திலும் நாடகத்திலும் அனிமேயிலும் ஓடவிட்டார்கள். டை-அப் என்பது அவர்களுக்குக் கூடுதல் விளம்பரம் அல்ல. அதுதான் முகமே.

சமையல்காரர்களும் அதிகம் பேரில்லை. ஓடா டெட்சுரோ என்ற இசையமைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் ‘சிபி மாருகோ-சான்’ அனிமேவுக்காக வந்து நாட்டையே ஆட்டிவைத்த ‘ஒதொரு போம்போகொரின்’ இவருடைய மெட்டு. ஸார்ட்டின் ‘மகெனாய்தே’ இவருடையது. ‘ஸ்லாம் டங்க்’கின் கடைசி முடிவுப் பாடலும் இவருடையதே. இரண்டாவது முடிவுப் பாடலாக வந்த ‘உலகம் முடியும் வரை’ என்ற பொருள் கொண்ட வாண்ட்ஸ் பாட்டுக்கும் மெட்டு இவர்தான்.

அந்தப் பாட்டு 1994 ஜூன் 8 அன்று சிங்கிளாக வந்தது. அக்காலச் சிங்கிள் என்பது எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள குட்டி சி.டி., நீளவாக்கில் ஒரு காகித உறைக்குள். 12 லட்சத்துக்கும் மேல் விற்றது.

மிட்சுயி மண்டியிட்ட இடம்

இனிதான் விஷயமே. அந்தப் பாட்டில் கூடைப்பந்து இல்லை. மைதானம் இல்லை. வியர்வை, நண்பன், வெற்றி ஒன்றும் இல்லை. பெருநகரத்தில் தனியாகிப்போனவனின் காதல் பிரிவு, அவ்வளவுதான். முதல் தொடக்கப் பாடலும் அப்படியே. காதலைக் கத்திச் சொல்லிவிடத் துடிக்கிறவனின் பாட்டு, அதிலும் பந்து கிடையாது. இந்த இரண்டையும் எந்தப் பள்ளிக்கூடக் காதல் நாடகத்துக்கும் தூக்கிக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் நடந்தது வேறு. வாண்ட்ஸின் பாட்டு 25ஆம் அத்தியாயத்திலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. கதையில் அப்போது மிட்சுயி ஹிசாஷி வருகிறான். நடுநிலைப் பள்ளியில் மிகச் சிறந்த ஆட்டக்காரனாக இருந்தவன். முழங்கால் காயத்தால் ஒதுங்கி, முடி வளர்த்து, ரவுடிக் கும்பலில் சேர்ந்து, பழைய கூடைப்பந்துக் குழுவையே அடித்து நொறுக்க ஆட்களோடு வருகிறான். ரத்தம் சிந்துகிறது. கதவு திறக்கிறது. பழைய பயிற்சியாளர் அன்சாய் நிற்கிறார். மிட்சுயி மண்டியிட்டு அழுகிறான், தனக்கு மறுபடியும் விளையாட வேண்டும் என்கிறான். மங்கா வாசகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஒரு கட்டத்தை நினைத்தாலே தொண்டை அடைக்கும்.

அந்த நாட்களில் ஒவ்வொரு வாரமும் கதை முடிந்ததும் வாண்ட்ஸ். பிரிந்த காதலியைப் பற்றி எழுதிய வரிகள், விட்டுப்போன ஆட்டத்தைப் பற்றியதாக மாறிவிட்டன. எழுதியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார். தயாரிப்பாளர்கள் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு பொருந்தியிருக்காது. இன்றைக்கும் ரசிகர்களிடம் அது மிட்சுயியின் பாட்டுதான்.

ஏன் ஒட்டியது? பாட்டில் காலியிடம் இருந்தது. கேட்டவர்கள் தங்கள் சாமான்களைக் கொண்டுவந்து அதில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போதைய குழுக்கள் வேறு மாதிரி. 2022இல் ‘ஸ்பை ஃபேமிலி’ தொடருக்காக ஒஃபிஷியல் ஹிகெ டான்டிசம் குழு ‘மிக்ஸ்ட் நட்ஸ்’ பாட்டைச் செய்தது. உளவாளி, கொலைகாரி, மனதைப் படிக்கும் சிறுமி மூவரும் குடும்பம்போல் நடிக்கும் கதை அது. கொட்டைகள் கலந்த பொட்டலத்தில் வேர்க்கடலையும் கிடக்கிறது, அதுவோ உண்மையில் பருப்பு வகை என்பதை உவமையாக்கிப் பாட்டுக் கட்டினார்கள். புத்திசாலித்தனம் மின்னுகிறது, ரசிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டை எடுத்து என் சொந்தத் துக்கத்துக்குப் போர்த்திக்கொள்ள முடியவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை அது, அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் சேரும்.

பாடியவருக்கு என்ன ஆயிற்று?

வாண்ட்ஸின் பாடகர் உயெசுகி ஷோ. வரிகளும் அவருடையவை. அவர் மனசு இருந்த இடம் வேறு. அமெரிக்க நிர்வானா குழுவின் அழுக்கும் ஆவேசமும் கொண்ட கிரஞ்ச் இசைதான் அவருக்குப் பிடித்தது. நிர்வானாவின் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்தார். அடுத்த இரண்டே மாதத்தில், மெருகேற்றிய காதல் பிரிவுப் பாட்டோடு உயெசுகி நாட்டின் எல்லா வீட்டு டிவியிலும் ஒலித்தார்.

அதற்குப் பின் வந்த சிங்கிள்களைக் காலவரிசையில் கேட்டால், ஒரு மனிதர் வீட்டைவிட்டு மெல்ல மெல்ல வெளியேறுவது கேட்கும். 1995இல் வந்த ‘சீக்ரெட் நைட்’ இருண்டது. அந்த ஆண்டு இறுதியில் வந்த ‘சேம் சைட்’ இன்னும் கரடுமுரடு. 1996இல் ‘வொர்ஸ்ட் கிரைம்’. அதோடு உயெசுகியும் கிடார் கலைஞர் ஷிபசாகி ஹிரோஷியும் வெளியேறி அல்னிகோ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மிஞ்சிய கிமுரா ஷின்யா புதுப் பாடகரோடு வாண்ட்ஸ் என்ற பெயரை இழுத்துக்கொண்டு போனார். அப்போதும் கைகொடுத்தது அனிமேதான்: 1997இல் ‘டிராகன் பால் ஜிடி’யின் ஒரு முடிவுப் பாடல். 2000இல் குழு கலைந்தது.

பெயர் மட்டும் கலையவில்லை. 2019இல் ஷிபசாகி திரும்பிவர, உயெஹாரா டைஷி என்ற புதிய பாடகரோடு வாண்ட்ஸ் மறுபடி எழுந்தது. 2020 ஜனவரியில் வந்த மறுபிரவேசச் சிங்கிள் எதற்காக? ‘டிடெக்டிவ் கோனான்’ அனிமேயின் தொடக்கப் பாடல். கடைக்காரர் மாறவில்லை, கடை வாசலும் மாறவில்லை.

பாட் குழுவின் கதை இதைவிடச் சுருக்கம். (பெயர் நம் காதில் ‘பாட்டு’ என்றே விழும், அது தற்செயல்.) ஆசியா முழுவதும் பிள்ளைகள் உரக்கப் பாடும் அந்த முதல் தொடக்கப் பாடலை அவர்கள்தான் கொடுத்தார்கள். வேறு எதற்காகவும் உலகம் அவர்களைத் தேடவில்லை. வெற்றி என்று இதைச் சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

> பெட்டிச் செய்தி: கரோக்கே காசு யாருக்கு?
> ஜப்பானில் கரோக்கே அறையில் ஒருவர் பாட்டைத் தேர்ந்தெடுத்தால், ஜாஸ்ராக் என்ற உரிமை அமைப்பின் வழியாக ஒரு சிறு தொகை வரிகளை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பதிப்பு உரிமையாளருக்கும் போகிறது. பாடியவருக்கும் கிடார் வாசித்தவருக்கும் அதில் பங்கு கிடையாது. கரோக்கேயில் ஓடும் இசை அவர்கள் வாசித்ததல்ல, கரோக்கே நிறுவனம் புதிதாகத் தயாரித்தது. டை-அப் பாட்டுகளில் பதிப்பு உரிமையின் ஒரு பகுதியை ஒளிபரப்பு நிறுவனத்தின் இசைப் பதிப்பகம் எடுத்துக்கொள்வதும் பரவலான வழக்கம். வாசலுக்கு வாடகை இப்படியும் வசூலாகிறது.

எல்லை தாண்டியபோது

தைவான், சீனா, பிலிப்பைன்ஸ் என்று தொடர் போன இடமெல்லாம் பாட்டும் போனது. பிலிப்பைன்ஸ் தெருவுக்குத் தெரு கூடைப்பந்து வளையம் மாட்டியிருக்கும் நாடு. அங்கே வசனத்தை டகாலோகில் மாற்றினார்கள், பாட்டைத் தொடவில்லை. அர்த்தம் தெரியாத ஜப்பானிய வரிகளை ஒலியாகவே உருப்போட்ட தலைமுறை ஒன்று அங்கே உண்டு.

தென் கொரியாவில் கதை வேறு. குடியேற்ற ஆட்சியின் வடு காரணமாக ஜப்பானிய வெகுஜனக் கலைக்குத் தடை இருந்த நாடு அது. 1998இல்தான் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கினார்கள். அதனால் ‘ஸ்லாம் டங்க்’ கொரிய வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. சகுராகி அங்கே காங் பெக்-ஹோ. பாட்டும் புதிது: பாக் சாங்-மின் பாடிய கொரியப் பாட்டு. அதுவும் ராக்தான், அதுவும் கதறல்தான். அந்த நாட்டுத் தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு ‘ஸ்லாம் டங்க்’ என்றால் அந்தக் குரல்தான். பாட் குழுவை அவர்கள் பிற்பாடுதான் கண்டுபிடித்தார்கள். ஆக, தத்தெடுத்த வீட்டிலேயே இன்னொரு தத்துப்பிள்ளை.

ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருப்பவர்கள்

அனிமேயில் வந்த இடங்களைத் தேடிப்போவதை ஜப்பானில் ‘செய்ச்சி ஜுன்ரேய்’ என்கிறார்கள். ஸ்தல யாத்திரை என்று மொழிபெயர்த்தால் துளியும் பிசகில்லை. சிற்றூர்கள் பல இதனால் பிழைத்திருக்கின்றன. கமகுராவுக்கு அந்தத் தேவை இல்லை. பெரிய புத்தர் சிலையும் பழங்கோயில்களும் உள்ள ஊர், கூட்டம் ஏற்கெனவே வழிகிறது.

கமகுராகோகோமாயே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த கேட்டைச் சுற்றிலும் சாதாரண வீடுகள். மேலே கமகுரா மேல்நிலைப் பள்ளி. கார் போகிற தெருவில் நின்று படமெடுப்பது, அடுத்தவர் வீட்டு வாசலில் ஏறுவது, குப்பையைப் போட்டுவிட்டுப் போவது என்று புகார்கள் குவிந்தன. நகராட்சி காவலர்களை நிறுத்தியது, பல மொழிகளில் பலகை வைத்தது. கொரோனா முடிந்து எல்லைகள் திறந்தபோது புதிய ‘ஸ்லாம் டங்க்’ படமும் சேர்ந்துகொள்ள, வந்த அலை முன்பைவிடப் பெரிது. இங்கே வருபவர்கள் தங்கி, சாப்பிட்டு, பணத்தைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. கேட்டுக்கு அருகே வாங்குவதற்கும் எதுவும் இல்லை. படம் எடுக்கிறார்கள், அடுத்த ரயிலில் ஏறிவிடுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு மிஞ்சுவது மணியோசையும் கூச்சலும்.

இதில் ஒரு வேடிக்கை. சகுராகியின் ஷொஹொகு பள்ளி கற்பனை. ஆனால் எதிரணியான ரியோனான் பள்ளிக்கு மாதிரி அந்த மேட்டில் இருக்கும் கமகுரா பள்ளிதான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் இவ்வளவு பேரும் சிவப்பு ஜெர்சியோடு வந்து நிற்பது எதிரியின் வாசலில்.

பழைய பாட்டு வேண்டாம்

2022 டிசம்பர் 3 அன்று ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ வெளியானது. இனொவேயே எழுதி, அவரே இயக்கினார். டிவித் தொடர் தொடாமல் விட்டுப்போன சன்னோ பள்ளி ஆட்டம்தான் படம். வெளியாவதற்கு முன் குரல் கலைஞர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய பாட்டுகளும் இல்லை.

தொடக்கத்தில் தி பர்த்டே குழு. பென்சில் கோடுகளாக ஐந்து ஆட்டக்காரர்களும் நடந்துவர, சிபா யூசுகேயின் கரகரத்த குரல் ஏறுகிறது. (சிபா அடுத்த ஆண்டு நவம்பரில் புற்றுநோயால் இறந்தார், வயது 55.) முடிவில் டென் ஃபீட் குழுவின் ‘தாய்ஸெரோ கான்’.

டென் ஃபீட் கியோட்டோவில் 1997இல் தொடங்கிய மூவர் குழு. சொந்த ஊரில் ‘கியோட்டோ டைசகுசென்’ என்ற திறந்தவெளி இசை விழாவை நடத்துகிறவர்கள். 2007இல் முதல் விழாவைப் புயல் கலைத்துவிட, மறு ஆண்டுதான் நடத்த முடிந்தது. விடாப்பிடியான ஆட்கள். படத்துக்கு அவர்கள் வெறும் பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. பாடகர் தகுமா, டகெபெ சதோஷியோடு சேர்ந்து பின்னணி இசையும் அமைத்தார். ஆட்டம் உச்சத்துக்குப் போகும் இடங்களில் அதே இசை அடியிலிருந்து கிளம்புகிறது. சரக்கைத் தனியாகச் செய்து பிற்பாடு ஒட்டிய பீயிங் காலத்துக்கு நேர் எதிர் முறை. தத்தெடுப்பு முடிந்தது, மறுபடி சொந்தப் பிள்ளை.

படம் ஜப்பானில் மட்டும் 1,580 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. 2023 டிசம்பர் 31 இரவு, என்.எச்.கே.யின் கோஹாகு பாட்டுப் போட்டி மேடையில் டென் ஃபீட் முதன்முறையாக ஏறியது. குழுவுக்கு வயது 26. முப்பது வயதுக்குள் உச்சம் தொட்டு வெளியேறிவிட்ட உயெசுகியையும், நடுவயதில் முதல் முறையாகக் கோஹாகு வெளிச்சத்துக்கு வந்த இந்த மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது கூட்டத்துக்குத்தான் அதிர்ஷ்டம் என்று தோன்றுகிறது. தங்கள் பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்தே அனுப்பினார்கள்.

ஆனாலும் திரையரங்கைவிட்டு வெளியே வந்தவர்கள் கமகுராவுக்கு டிக்கெட் எடுத்தார்கள். படத்தில் இல்லாத பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு அந்த கேட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

பிற்பகலில் மேட்டுப் பள்ளி விடும். சீருடைப் பிள்ளைகள் சரிவில் இறங்கி வருவார்கள். மணி அடிக்கும், கம்பு இறங்கும், போன்கள் உயரும். பிள்ளைகள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, ரயில் போகட்டும் என்று காத்திருப்பார்கள். காதில் இயர்போன். அவர்கள் என்ன கேட்கிறார்களோ.